வளரும் பருவத்தின் கணக்கு



காலை வழிபாட்டின்போது குள்ளமானவர் முன்னும் நெட்டையானவர் பின்னுமாக மாணவரை நிறுத்துவது நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். எல்லாருடைய முகமும் ஆசிரியர் கண்ணில் படவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கம் இல்லை. ஆயினும் பதின்மூன்று, பதினான்கு வயதில் வரிசையின் முதலிடத்தில் நிற்கும் சிறுவனுக்கு அது ஒரு தண்டனையாகவே தோன்றுகிறது. சென்ற ஆண்டு தன் உயரமே இருந்த தோழன் இவ்வாண்டு தன்னைக் குனிந்து பார்க்கிறான். அவன் குரல் தடித்துவிட்டது. மேலுதட்டில் கருமை படர்ந்துவிட்டது. தனக்கோ ஒன்றும் நேரவில்லை. ‘நான் இப்படியே நின்றுவிடுவேனோ?’ என்று அவன் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறான்; வாய்விட்டுக் கேட்க நாணுகிறான். அதே வகுப்பில், எல்லாரையும் முந்தி வளர்ந்துவிட்ட சிறுமி ஒருத்தி, தன் உயரத்தை மறைக்கத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறாள். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவர் எவரும் இவ்விரு முகங்களையும் மறக்க இயலாது.

இக்கேள்விக்கு விடை இருக்கிறது. அவ்விடையைக் கண்டறிய மனித இனம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உழைத்தது. தந்தை ஒருவரின் அளவுகோலில் தொடங்கி, நூற்பாலைகளின் வாயிலில் தடுமாறி, சராசரி என்னும் மாயையில் சிக்கி, பின்னர் அதனின்று மீண்டு வந்த வரலாறு அது. அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரான்சு நாட்டில் பர்கண்டிப் பகுதியில் மோன்பெயார் என்னும் கனவான் ஒருவர் வாழ்ந்தார். இயற்கை வரலாற்று நூல்களால் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றிருந்த புஃபோன் என்னும் அறிஞருக்கு அவர் நண்பர். 1759-ஆம் ஆண்டில் மோன்பெயாருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை அக்குழந்தையின் நீளத்தை அளந்து எழுதி வைத்தார். பெற்றோர் பலரும் செய்யக்கூடியதுதானே இது என்பீர்கள். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை, அம்மகன் பதினெட்டு வயதை நெருங்கும் வரையில், சலியாமல் அளந்து வந்தார். அந்தக் குறிப்புகளை 1777-ஆம் ஆண்டில் புஃபோன் தம் நூலின் இணைப்பில் வெளியிட்டார். ஒரே பிள்ளையை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த பதிவுகளுள் இதுவே உலகில் மிகப் பழமையானது என்று வளர்ச்சி இயல் நூலோர் போற்றுகின்றனர்.

அப்பதிவு என்ன சொல்லுகிறது? பிறந்தபோது அக்குழந்தையின் நீளம் 51 சென்டிமீட்டர் அளவு. முதல் ஆண்டில் மட்டும் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தான். பின்னர் வேகம் ஆண்டுதோறும் தணிந்தது. பத்து வயதை ஒட்டிய காலத்தில் அது மிகவும் மெலிந்து கிடந்தது. ஆனால் பதினான்கு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே, அடங்கிக் கிடந்த ஆற்றில் வெள்ளம் வந்ததுபோல, ஓராண்டில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டான். அதன் பின் வேகம் மீண்டும் குறைந்து, இறுதியில் ஆறடியைத் தாண்டிய இளைஞனாக நின்றான். இன்று நாம் ‘வளர்ச்சிப் பாய்ச்சல்’ என்று வழங்கும் குமரப் பருவ நிகழ்ச்சி முதன்முதலாக ஏட்டில் ஏறியது இங்கேதான். மனிதன் காலையில் இருக்கும் உயரத்தைவிட மாலையில் சற்றுக் குறைந்து காணப்படுகிறான் என்பதையும் அவர்கள் குறித்து வைத்தார்கள். பகலெல்லாம் உடல் எடையைத் தாங்கும் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் சிறிது அமுங்குவதே அதற்குக் காரணம்.

ஒரு தந்தையின் அன்பிலும் ஆர்வத்திலும் பிறந்த இந்த அளவுகோல் அடுத்த நூற்றாண்டில் வேறோர் இடத்திற்குச் சென்றது. அவ்விடம் இங்கிலாந்தின் நூற்பாலை. பஞ்சாலைகளில் ஆறு, ஏழு வயதுச் சிறுவரும் சிறுமியரும் விடியல் முதல் இரவு வரை உழைத்த காலம் அது. நல்லோர் பலர் குரல் எழுப்பியதன் பயனாக, 1833-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஒன்பது வயதுக்குட்பட்டோரை, பட்டாலை நீங்கலாக மற்ற நெசவாலைகளில் அமர்த்தலாகாது; ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை உள்ளோரிடம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது; பதின்மூன்று முதல் பதினெட்டு வரை உள்ளோர்க்குப் பன்னிரண்டு மணி நேரமே எல்லை என்று அச்சட்டம் வகுத்தது.

சட்டம் நன்று. ஆனால் ஒரு சிறுவனுக்கு வயது எத்தனை என்று அறிவது எப்படி? இங்கிலாந்தில் பிறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1837-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அரசாங்கச் சான்று ஏதும் கிடையாது. வறுமையில் வாடிய பெற்றோர் கூலியை எண்ணிப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஆலை முதலாளிக்கோ கேள்வி கேட்பதில் ஊதியம் இல்லை. ஆகவே, குழந்தையைப் பார்த்து, ‘இன்ன வயதுக்குரிய வலிமையும் தோற்றமும் இதற்கு உண்டு’ என்று மருத்துவர் சான்று தருவது முறையாயிற்று. தோற்றம் என்றால் பெரும்பாலும் உயரந்தான். தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த லியோனார்டு ஹார்னர் என்பவர் மருத்துவர்களைக் கொண்டு 16,000-க்கும் மேற்பட்ட சிறாரின் உயரங்களைத் திரட்டி 1837-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்ன வயதுக்கு இன்ன உயரம் என்று தெரிந்தால் ஏமாற்றைத் தடுக்கலாம் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் தூயது, ஆயினும் அளவுகோல் அந்த வேலைக்கு ஏற்றதன்று. சற்றே சிந்தித்துப் பாருங்கள். பதினொரு வயதிலேயே விரைந்து வளர்ந்துவிட்ட சிறுவன் பதின்மூன்று வயதினன் எனக் கருதப்பட்டு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றிருப்பான். மெய்யாகவே பதின்மூன்று நிரம்பியும் வளர்ச்சி பிந்திய சிறுவனோ, பொய்யன் என்று ஐயுறப்பட்டுக் கூலியை இழந்திருப்பான். முந்தி வளர்ந்ததும் குற்றம், பிந்தி வளர்ந்ததும் குற்றம் என்றாயிற்று! இக்குறையை உணர்ந்தவர்களும் இருந்தனர். எட்வின் சாண்டர்ஸ் என்னும் பல் மருத்துவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறாரின் வாயை ஆராய்ந்து, வயதை அறிய உயரத்தைவிடப் பற்களே நம்பத்தக்கவை என்று அதே 1837-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு எடுத்துரைத்தார். வயது வேறு, வளர்ச்சி வேறு என்னும் உண்மை இவ்வாறு ஆலை வாயிலில் மங்கலாகத் தென்பட்டது. ஆனால் அஃது ஏன் அப்படி என்று விளக்கவல்லார் அன்று ஒருவரும் இல்லை.

விளக்கம் பிறப்பதற்கு முன் ஒரு பெரிய மயக்கம் குறுக்கிட்டது. பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரத்தில் கேத்தலே என்னும் வானநூல் வல்லுநர் இருந்தார். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்ட கையால் மனிதரையும் கணக்கிட முனைந்தார். 1835-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை உலகுக்கு வழங்கினார். ஒவ்வொரு வயதிலும் பலரை அளந்து, கூட்டி வகுத்து, வந்த எண்களை ஒரு வளைகோட்டில் அமைத்தார். அக்கோடு பிறப்பிலிருந்து முதிர்ச்சி வரை மெல்ல மெல்லத் தணிந்து செல்லும் அழகிய கோடு. ஆனால் அதில் மோன்பெயாரின் மகன் பதினான்கு வயதில் பாய்ந்த பாய்ச்சல் இல்லை! உயிருள்ள ஒரு பிள்ளையின் உடம்பில் நிகழ்ந்த உண்மை, ஓராயிரம் பிள்ளைகளின் சராசரியில் மறைந்து போயிற்று.

இது எப்படி நேரும் என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். ஒரு வகுப்பில் மூன்று மாணவர் என்று வைத்துக்கொள்வோம். முதல்வன் பன்னிரண்டாம் வயதிலும், இரண்டாமவன் பதினான்காம் வயதிலும், மூன்றாமவன் பதினாறாம் வயதிலும் பாய்ச்சல் எடுக்கிறார்கள். பாயும் ஆண்டில் ஒருவன் 10 சென்டிமீட்டர் வளர்கிறான். அவ்வாண்டில் மற்ற இருவரும் 4 சென்டிமீட்டர் வீதம் வளர்கிறார்கள். மூவரின் கூட்டுத்தொகை 18, சராசரி 6. எந்தப் பாய்ச்சல் ஆண்டை எடுத்தாலும் விடை இதுவே. அமைதியான, ஒழுங்கான எண். ஆனால் 6 சென்டிமீட்டர் வளர்ந்தவன் அம்மூவருள் ஒருவனேனும் உண்டா? இல்லை. சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் அது எவனைப் பற்றியும் சொல்லவில்லை.

கூட்டத்தை அளப்பதாலும் சில உண்மைகள் புலப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து உடலியல் பேராசிரியர் பௌடிச் என்பவர் ஏறத்தாழ 24,000 பள்ளிப் பிள்ளைகளின் அளவுகளை ஆராய்ந்து 1877-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். பன்னிரண்டு வயதுக்குப் பின் ஓரிரண்டு ஆண்டுகள் பெண் பிள்ளைகள் ஒத்த வயது ஆண் பிள்ளைகளைவிட உயரமாக இருப்பதை அது தெளிவாகக் காட்டியது. காரணம் இப்போது நமக்குத் தெரியும். பெண்களுக்குப் பாய்ச்சல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாக வருகிறது. ஆகவே ஏழாம், எட்டாம் வகுப்பில் அக்காளைப்போல் நிற்கும் தங்கையைக் கண்டு அண்ணன் மனம் கூச வேண்டுவதில்லை. தங்கையும் தோளைக் குறுக்கிக்கொள்ள வேண்டுவதில்லை.

சராசரியின் மயக்கத்தைத் தெளிவித்தவர் பிரான்ஸ் போவாஸ். ஜெர்மனியில் 1858-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மானிடவியல் அறிஞர் அவர். 1891-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து அளக்கும் பணியைத் தொடங்கினார். பிள்ளைகளை அயலார் ஒருவர் அளப்பதா என்று உள்ளூர்ச் செய்தித்தாள் எதிர்ப்புக் காட்டிற்று. அவர் பின்வாங்கவில்லை. ஒரே வயதுடைய பிள்ளைகளின் உயர வேறுபாடு பதின்மூன்று, பதினான்கு வயதை ஒட்டி மிக விரிவதையும், பின்னர்ச் சுருங்குவதையும் கண்டார். ஏன் விரியவேண்டும்? ஏன் சுருங்கவேண்டும்? அவர் சொன்ன விடை இதுதான்: அவ்வயதில் சிலர் பாய்ச்சலை முடித்துவிட்டார்கள், சிலர் நடுவில் இருக்கிறார்கள், சிலர் இன்னும் தொடங்கவேயில்லை. ஆகவே இடைவெளி விரிகிறது. பிந்தியவர்கள் தங்கள் முறை வந்து வளர்ந்ததும் இடைவெளி சுருங்குகிறது. 1892-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலேயே இவ்விளக்கத்தை அவர் அளித்துவிட்டார்.

இந்த வேறுபாட்டுக்குப் போவாஸ் தேர்ந்த சொல் இசைத்துறையிலிருந்து வந்தது. வளர்ச்சியின் ‘டெம்போ’ என்றார். நம் இசை மரபில் அதனைக் காலப்பிரமாணம் என்போம். ஒரே கீர்த்தனையை ஒருவர் விளம்ப காலத்திலும் மற்றொருவர் துரித காலத்திலும் பாடலாம். துரிதத்தில் பாடியவர் முன்னே முடித்துவிடுவார். அதனால் அவர் பாடியது பெரிய கீர்த்தனை என்றோ, விளம்பத்தில் பாடுபவர் பாட மறந்துவிட்டார் என்றோ எவரேனும் சொல்வார்களா? குமரப் பருவ வளர்ச்சியும் அத்தகையதே. தொடங்கும் காலம் வேறு, நடக்கும் வேகம் வேறு, சென்றடையும் உயரம் வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வகுப்பறையின் முதல் வரிசையில் கண்ணீர் பிறக்கிறது.

இக்குழப்பம் கல்வித் துறையையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்துப் பள்ளிகளை ஆராய்ந்த போர்ட்டர் என்பவர், கல்வியில் முந்திய பிள்ளைகள் ஒத்த வயதினரைவிட உடலிலும் பெரியவர்களாக இருக்கிறார்கள் என்று 1893-ஆம் ஆண்டில் எழுதினார். சிறிய உடல் மந்த புத்திக்கு அடையாளம் என்று பொருள் கொள்ள இது இடம் தந்தது. போவாஸ் இதனை மறுத்தார். சிறியவர்கள் மந்தமானவர்கள் அல்லர், வளர்ச்சியில் பிந்தியவர்கள், அவ்வளவே என்றார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் அனைவரும் நினைவில் நிறுத்தவேண்டிய பாடம் இது. குறுமுனி எனப் போற்றப்படும் அகத்தியரைத் தமிழுக்குத் தலைமுனிவராக வைத்துக் கதை சொல்லும் நமக்கு, உயரத்தைக் கொண்டு அறிவை அளக்கலாகாது என்பதை அயல் நாட்டார் வந்து சொல்லவேண்டியதில்லை.

போவாஸின் கருத்துக்கு உடம்பின் உள்ளிருந்தே சான்று கிடைத்தது. 1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அதன் உதவியால் வளரும் பிள்ளையின் கையெலும்புகளைக் காண முடிந்தது. நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான மெல்லிய தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பருவ முதிர்ச்சி நிறைவுறும்போது அத்தட்டு எலும்பாகி மூடிக்கொள்கிறது. அதன் பின் உயரம் கூடுவதில்லை. மணிக்கட்டு எலும்புகளின் நிலையைப் பார்த்து, ‘இப்பிள்ளைக்கு ஆண்டு பதினான்கு, எலும்பின் வயதோ பன்னிரண்டு’ என்று சொல்லும் முறை வளர்ந்தது. அதற்கான படத்தொகுதியை அமெரிக்காவில் டாட் என்பவர் 1937-இலும், குரூலிக், பைல் என்னும் இருவர் 1950-இலும் வெளியிட்டனர். எலும்பின் வயது பிந்தியிருப்பது பெரும்பாலும் நற்செய்தியே. வளர இன்னும் காலம் இருக்கிறது என்பது அதன் பொருள்.

இந்நூற்றாண்டுக் கால ஆராய்ச்சியை ஒருமுகப்படுத்தியவர் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் டானர். இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில் இருந்த சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளை, 1948-ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, அவரும் அவர் துணைவர் ஒயிட்ஹவுசும் தொடர்ந்து அளந்தனர். மோன்பெயார் ஒரு மகனுக்குச் செய்ததை இவர்கள் பல பிள்ளைகளுக்குச் செய்தனர். குமரப் பருவ மாற்றங்கள் எவ்வரிசையில் வருகின்றன என்று டானர் வகுத்த படிகளை இன்றும் உலக மருத்துவர்கள் கையாளுகின்றனர்.

அவர்கள் கண்ட உண்மைகளைச் சுருங்கச் சொல்கிறேன். பருவ மாற்றம் பெண்களுக்கு 8 வயது முதல் 13 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பே. ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் எப்போது தொடங்கினாலும் இயல்பே. பாய்ச்சலின் உச்சம் பெண்களுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு வயதை ஒட்டியும், ஆண்களுக்குப் பதினான்கு வயதை ஒட்டியும் வருகிறது. உச்ச ஆண்டில் பெண்கள் 8 சென்டிமீட்டர் அளவும் ஆண்கள் 9 அல்லது 10 சென்டிமீட்டர் அளவும் வளர்வதுண்டு. பெண்களுக்குப் பூப்பு இப்பாய்ச்சலின் உச்சம் கடந்த பின்னரே நிகழ்கிறது. அதன் பின்னும் சில சென்டிமீட்டர் வளர்ச்சி எஞ்சி நிற்கும். முதலில் கையும் காலும் நீள்கின்றன. உடற்பகுதி பின்னர்தான் தொடர்கிறது. குமரப் பருவத்தார் சில காலம் தம் கைகால்களைத் தாமே அறியாதவர்போல் தடுமாறுவது இதனால்தான்.

இனி, காலம் பிந்துவது முழுவதும் பிறவியின் செயல்தானா என்று கேட்பீர்கள். அன்று. பெற்றோரிடமிருந்து வரும் மரபுக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் உணவுக்கும் நோய்க்கும் உழைப்புக்கும் அதில் பங்கு உண்டு. இதற்கு வரலாறு வியத்தகு சான்று ஒன்றைத் தருகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1723 முதல் 1750 வரை தேவாலய இசையை நடத்தியவர் புகழ்பெற்ற இசைமேதை பாக். அவருடைய பாடகர் குழுவில் சிறுவர்கள் மேல்குரலில் பாடுவார்கள். குரல் உடைந்ததும் கீழ்க்குரலுக்கு மாறுவார்கள். அந்தப் பதிவுகளை ஆராய்ந்து 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அச்சிறுவர்களுக்குக் குரல் உடைந்த வயது பெரும்பாலும் பதினாறு, பதினேழு! 1740-களில் அந்நாட்டில் போர் மூண்ட காலத்தில் அது மேலும் பிந்தியது. இன்றோ பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே குரல் மாறிவிடுகிறது. உணவு குறைந்தால் உடம்பு தன் காலத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதற்கு இதைவிட இனிய சான்று வேண்டுமா?

பிரிட்டனில் இது வகுப்பு வேறுபாடாகவே காட்சியளித்தது. கடற்பணிக்குச் சேர்க்கப்பட்ட இலண்டன் ஏழைச் சிறுவரும், சாண்டர்ஸ்ட் படைக் கல்லூரியில் சேர்ந்த செல்வர் வீட்டுச் சிறுவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அளக்கப்பட்ட பதிவுகள் உள்ளன. ஒத்த வயதில் அவ்விரு திறத்தார்க்கும் இடையே அரையடி அளவு வேறுபாடு இருந்தது. ஒரே நாடு, ஒரே மொழி, ஒரே வானம். தட்டில் விழுந்த உணவுதான் வேறு. தனி ஒருவனுடைய உயரம் அவன் தகுதியைக் காட்டுவதில்லை. ஆனால் ஒரு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி உயரம் அந்நாடு அவர்களை எவ்வாறு பேணியது என்பதைக் காட்டிவிடுகிறது. கேத்தலேயின் சராசரிக்கு உரிய இடம் இதுதான். தனி ஆளை எடைபோட அது உதவாது; ஆட்சியை எடைபோட உதவும். தென்கொரியாவின் பெண்கள் நூறாண்டில் 20 சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருக்கிறார்கள் என்று 2016-இல் வெளியான உலக ஆய்வு ஒன்று தெரிவித்தது. நூறாண்டில் மரபு அவ்வளவு மாறுவதில்லை, வாழ்க்கை மாறியது. நம் மாநிலத்தில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர் காலத்தில் பரவிய பள்ளி மதிய உணவையும், 1982-ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவையும் இந்த ஒளியில் நோக்குங்கள். பசியோடு வந்த பிள்ளையைப் பள்ளியில் இருத்திய அத்தட்டுச் சோறு, அவன் எலும்புக்கும் உரமிட்டது.

வரலாற்றின் கடைசி ஏடு ஓர் எச்சரிக்கை. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சிக்குரிய ஹார்மோனைச் சுரக்கிறது. அச்சுரப்புக் குறைந்தவர்கள் மிகக் குள்ளமாக நின்றுவிடுவார்கள். 1956-இல் மனித வளர்ச்சி ஹார்மோன் பிரித்தெடுக்கப்பட்டது. 1958-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரேபன், அதனைக் கொண்டு சுரப்புக் குறைவுடைய ஓர் இளைஞனை வளரச் செய்ததாக அறிவித்தார். அன்று அம்மருந்து இறந்தவர்களின் சுரப்பிகளிலிருந்தே எடுக்கப்பட்டது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அளிக்கப்பட்டது. ஆனால் 1985-ஆம் ஆண்டில், அம்மருந்தைப் பெற்ற சிலர், மூளையை அழிக்கும் கொடிய நோயால் இறந்தது தெரியவந்தது. மருந்தோடு நோயும் கலந்து வந்திருந்தது! உடனே அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய தூய ஹார்மோன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று, தேவை என்று சோதனைகளால் உறுதியான பிள்ளைகளுக்குத் துறை மருத்துவர்கள் அதனையே அளிக்கிறார்கள்.

மெய்யான நோய்க்கு, அறிவுள்ள மருத்துவர் கையில் இருந்த மருந்துக்கே இத்தனை இடர் உண்டாயிற்று என்றால், நோயே இல்லாத பிள்ளைக்கு, ‘மூன்று திங்களில் மூன்று அங்குலம்’ என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பொடியையும் இலேகியத்தையும் என்னென்பது? பிந்தி வளரும் சிறுவன் அப்பொடியை உண்டு, பின்னர்த் தன் காலம் வந்து வளர்ந்தால், புகழ் பொடிக்குப் போகிறது. வளரவில்லையென்றால், பழி அவன் உடம்பின்மேல் விழுகிறது. எப்படியும் விற்றவனுக்கு இழப்பில்லை. வளர்தட்டு மூடிய பின் எந்தப் பொடியும், எந்தத் தொங்கு பயிற்சியும் எலும்பை நீட்டாது என்பதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? மோன்பெயார் செய்ததைச் செய்யுங்கள். சுவரோரம் வெறுங்காலுடன் நின்று, ஆறு திங்களுக்கு ஒருமுறை, நாளின் ஒரே வேளையில் அளந்து, தேதியிட்டு எழுதி வையுங்கள். தோழனோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் உங்களோடு ஒப்பிடுங்கள். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவு ஏறிக்கொண்டிருந்தால் பாதை நேராகவே செல்கிறது. தந்தையோ தாயோ பிந்தி வளர்ந்தவர்களா என்று வீட்டில் கேளுங்கள். பல வீடுகளில் விடை அங்கேயே கிடைக்கும். பருப்பு, முட்டை, பால், கீரை, கடலை ஆகியவற்றுள் உங்கள் வீட்டுக்கு இயன்றதை உண்ணுங்கள். நன்றாக ஓடி விளையாடுங்கள். போதிய அளவு உறங்குங்கள். பெண் பிள்ளைக்கு 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைக்கு 14 வயதுக்குள்ளும் பருவக் குறி எதுவும் தோன்றாவிட்டாலோ, 8 வயதுக்கு முன் பெண்ணுக்கும் 9 வயதுக்கு முன் ஆணுக்கும் தோன்றிவிட்டாலோ, ஆண்டு வளர்ச்சி 4 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்டாலோ, நாணத்தை விட்டுப் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைக் காணுங்கள். பெரும்பாலும் அவர் சொல்லும் மருந்து ‘பொறு’ என்னும் ஒரு சொல்லாகவே இருக்கும். அன்றிப் பிணி ஏதேனும் இருப்பின், காலத்தில் கண்டால் தீர்க்க வழியுண்டு.

வளர்ந்து முடிந்த பின்னும் நீங்கள் குட்டையாகவே நிற்கலாம். அது மரபு தந்த அளவு. அதில் இழிவு யாதும் இல்லை. ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும்போதே உங்களை முடிந்த கணக்காக எழுதிவிடாதீர்கள். பிறர் எழுதவும் விடாதீர்கள். ஆலை வாயிலில் நின்ற அந்தச் சிறுவனை அளந்தவர்கள் அவன் உயரத்தைப் பார்த்து வயதைப் படித்தார்கள், தவறாகப் படித்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து, நம் வகுப்பறையில் முதல் வரிசையில் நிற்கும் சிறுவனையும், பின்வரிசையில் தோளைக் குறுக்கி நிற்கும் சிறுமியையும் நாம் அவ்வாறு படிக்கலாகாது. தோழனைக் ‘குள்ளன்’ என்றும் தோழியை ‘நெட்டை’ என்றும் அழைக்க நா எழும்போது, அவரவர்க்கு ஒரு காலப்பிரமாணம் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வளவு செய்தால், மோன்பெயார் முதல் டானர் வரை அளந்தோர் பட்ட பாடு வீண் போகவில்லை என்று பொருள்.